இரண்டாவது பாஸ் புத்தகம்

திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணி. புதுக்கோட்டைத் தபால் அலுவலகத்தில் சேமிப்புக் கணக்கு ஜன்னலுக்குள் இரண்டு பாஸ் புத்தகங்களையும் சேர்த்தே தள்ளினேன். குமாஸ்தாவின் தலைக்கு மேல் கடிகாரம் இருந்தது. வேலை சீக்கிரம் முடிந்தால் பன்னிரண்டு மணி பஸ்ஸில் திருவரங்குளம் திரும்பிவிடலாம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மகள் தனியாகப் படுத்திருந்தாள்.

குமாஸ்தா ஒரு புத்தகத்தைத் திறந்தார். மற்றதைத் திறந்தார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர், இது ரெண்டும் ஒங்களுதுதானா?"

"ஆமா. ஒண்ணு திருவரங்குளத்துல போட்டது, ஒண்ணு விராலிமலையில போட்டது. ரெண்டுலயும் முழுசா எடுக்கணும்."

"ரெண்டுலயும் எடுக்குறது இருக்கட்டும். ரெண்டு எப்படி வச்சிருக்கீங்க?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஒரு பெட்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் சேலையும் இன்னொரு பெட்டியில் விசேஷத்துக்குக் கட்டும் சேலையும் வைத்திருப்பவளிடம், ஏன் இரண்டு பெட்டி என்று கேட்டால் என்ன சொல்வாள்? அப்படித்தான் விழித்தேன்.

தபால் ஆபீஸ் சேமிப்பில் ஒருவருக்கு அவர் பேரில் ஒரு கணக்குதான் இருக்கலாம், எந்த ஊரில் போட்டாலும் அப்படித்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவதாகப் போட்டது சட்டப்படி செல்லாத கணக்கு. அதற்கு வட்டி கிடையாது. திருச்சியில் இருக்கும் மேலதிகாரி உத்தரவு போடும்வரை அதிலிருந்து ஒரு நயா பைசாகூட வெளியே வராது. விசாரணை முடியும்வரை முதல் கணக்கிலும் எடுக்க முடியாது என்றார் குமாஸ்தா. இரண்டு புத்தகங்களையும் நூலால் கட்டி உள்ளே வைத்துவிட்டார்.

"எத்தனை நாளாகுங்க?"

"ஒரு மாசம். கூடக்கொறைய ஆகும்."

எங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைதான் நேரம் இருந்தது.

மகளுக்குப் பதினான்கு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூட்டு வலியும் காய்ச்சலுமாகக் கிடந்தாள். அது தீர்ந்துபோனது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது அது அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். கிணற்றடிக்குப் போய்வந்தாலே உதடு நீலம் பூக்கும். மதராஸ் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை போய்ச் சேரவில்லையென்றால் இடம் வேறு நோயாளிக்குப் போய்விடும். அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. என் நகைகள் முந்தைய வைத்தியத்துக்கே அடகுக்குப் போயிருந்தன. என் கணவர் பொன்னமராவதியில் ஒரு அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. இனிமேல் கடன் கேட்க அவருக்கும் ஆள் இல்லை. விராலிமலையில் இருக்கும் என் அண்ணன் பழைய லாரி ஒன்றை வாங்கி அதன் தவணைக்கே ஓடிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு புத்தகங்களை விட்டால் வேறு வழியில்லை.

முதல் கணக்கு என் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. அப்போதே தொடங்கினேன். இரண்டாவது, விராலிமலைக் கோயிலில் மகளுக்குக் காது குத்தியபோது அவள் தாய்மாமனான என் அண்ணன் செய்த சீரும் மற்றவர்கள் எழுதிய மொய்யும். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு மாமன் வைத்த பணத்தை வீட்டுப் பணத்தோடு கலக்க மாட்டோம். கலந்தால் அரிசிக்கும் பருப்புக்கும் போய்விடும், பிறகு பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? அதனால் விசேஷம் முடிந்த மறுநாளே விராலிமலைத் தபால் ஆபீஸில் தனியாகப் போட்டேன்.

அதை அவள் பேரிலேயே போட்டிருக்கலாம். சின்னப் பிள்ளையின் பேரில் தாயோ தகப்பனோ கணக்கு வைக்க அப்போதும் சட்டம் இருந்தது. நீட்டிய தாளில் பிள்ளையின் பேரும் அதற்குக் கீழே 'தாய்' என்று என் பேரும் எழுத வேண்டியிருந்தது. என் கை ஓடவில்லை. 'என் பேர்லயே போட்டுக்கிறேங்க' என்று சொல்லிவிட்டேன்.

காரணம் இதுதான். அவளுக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தவறிவிட்டன. இவள் பிறந்தவுடனே முறத்தில் கிடத்தி, அண்ணன் மனைவியான என் மதினி கையில் கொடுத்தார்கள். மதினி முறத்தோடு வாசலைத் தாண்டிப் போய் நின்றார். நான் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்றால் அது நம் வயிற்றுப் பிள்ளை இல்லை. சாவுக்கு அதன் மேல் கண் போகாது. கல்யாணம் ஆகும்வரை என் பிள்ளை என்று நானாக எங்கும் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் பாதுகாவலர் என்று அண்ணன்தான் கையெழுத்துப் போட்டார். நான் படித்தவள். வகுப்பில் கிரகணத்தைப் படம் போட்டு விளக்குகிறவள். ஆனாலும் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு மூன்றாவதை மடியில் வைத்திருப்பவளுக்கு அந்தப் படிப்பு உதவிக்கு வருவதில்லை.

வீட்டில் இது பெரிய கேலி. அண்ணன் வரும்போதெல்லாம் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"ஏ தவிட்டுக்குட்டி! கெளம்பு, கெளம்பு. ஒங்க அத்தை தவிட்டைத் திருப்பிக் குடுத்தனுப்பியிருக்கா. ஒன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னா."

"பழைய வெலைக்கெல்லாம் வர முடியாது மாமா. இப்பத் தவிடு என்ன விக்கிதுன்னு அப்பாகிட்டக் கேட்டுட்டு வாங்க. மில்லுலதான இருக்காரு."

சிரிப்பாள். ஆனால் சின்ன வயதில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவே வாங்குனதாம்மா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொடுத்து, போய்க் கை கால் கழுவு என்றேன்.

அன்றைக்கு ஜன்னலில் நான் நகராமல் நின்றதைப் பார்த்து போஸ்ட்மாஸ்டர் உள்ளே கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டார். ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை, மொய்ப்பணம் எல்லாம் சொன்னேன்.

"அப்ப இந்த ரெண்டாவது பணம் பிள்ளையோடதுதானே? பிறகு ஏன் பிள்ளை பேர்ல போடலை?"

சொன்னேன். பக்கத்தில் நின்ற குமாஸ்தா, "டீச்சரா இருந்துக்கிட்டு..." என்று சிரித்தார். போஸ்ட்மாஸ்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு வழி இருக்கும்மா. புதன்கிழமை திருச்சியிலேருந்து பெரியவர் ஆபீஸைப் பார்வையிட வாரார். இந்தப் பொண்ணு என் மகள், பணம் அவளுக்குச் சேர்ந்ததுன்னு ஒங்க கைப்பட எழுதிக் குடுங்க. கணக்கைப் பொண்ணு பேருக்கு மாத்தச் சொல்லி அவர் கையிலேயே கேக்குறேன். அப்படி மாறிருச்சுன்னா ஒங்க பேர்ல ஒண்ணுதான் மிஞ்சும். ரெண்டுலயும் எடுத்துக்கலாம்."

"தாய்மாமன் எழுதுனாச் செல்லாதுங்களா?"

"பணம் போட்டது நீங்க. தாய் நீங்க. அவர் எப்படி எழுதுவார்?"

காகிதம் கொடுத்தார். மசிக்கூடு, கட்டைப் பேனா எல்லாம் மேஜையில் இருந்தன. நாளைக்கு வந்து எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். லாரியோடு வந்தார். கேட்டவுடனே, "எழுதித் தொலை. பிள்ளைதான முக்கியம்" என்றார். மதினி என்ன சொல்லும் என்று கேட்டேன். அண்ணன் வெற்றிலையை எடுத்தார். செவ்வாய்க்கிழமை நான் போய் எழுதினேன். நான்கு வரிதான். 'என் வயிற்றில் பிறந்த மகள்' என்ற இடத்தில் மட்டும் நிப்பு காகிதத்தைக் கிழித்தது.

அந்தப் பெரிய அதிகாரி நல்ல மனிதர். புதன்கிழமையே உத்தரவு போட்டுவிட்டார். வியாழக்கிழமை பணமும் புதுப் பாஸ் புத்தகமும் கைக்கு வந்தன. அவள் கணக்கு மூடிவிடாமல் இருக்கக் கொஞ்சம் விட்டுவைத்திருந்தோம். வந்து மறுபடி போடலாம் என்று.

அன்று சாயங்காலம் ரயிலுக்குக் காத்திருந்தபோது மகள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். மூச்சு வாங்கி வாங்கித் தன் பேரைப் படித்தாள். அதன் கீழே என் பேரைப் படித்தாள். அவள் பேரும் என் பேரும் ஒரே தாளில் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"அப்ப சர்க்காரே ஒத்துக்கிருச்சு. இனிமே மாமா என்னைத் திருப்பிக் கேக்க முடியாது."

"கேக்க முடியாதுடி."

"அப்பா, நீங்க சாட்சி" என்று தன் தகப்பனைப் பார்த்துச் சொன்னாள். புத்தகத்தை அவளே மதராஸ் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. இரண்டு நாள் பேசினாள். மூக்கில் குழாயோடு, திரும்பி ஊருக்குப் போனதும் கிணற்றில் தானே தண்ணீர் இறைக்கப்போவதாகச் சொன்னாள். அவள் உதட்டில் சிவப்பைப் பார்த்து நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்தபின் அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை.

டாக்டர் காரணம் சொன்னார். காரணம் எனக்கு விளங்கியது. ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு, அடுப்பைப் பற்றவைக்கும்போதும் கரும்பலகையில் எழுதும்போதும், மசி தொட்டு எழுதிய அந்த ஒரு வரியே கண்ணுக்கு முன்னால் நின்றது. பதினான்கு வருஷம் எழுதாமல் காத்தவள், ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதாமல் இருந்திருந்தால் ஆபரேஷனே இல்லை, அப்போதும் அவள் இருந்திருக்க மாட்டாள் என்று என் கணவர் நூறு தடவை சொன்னார். அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்து என்ன?

அவள் கணக்கில் மிஞ்சியதை எடுக்க வேண்டுமானால் இறப்புச் சான்றிதழோடு நான் வந்து, இன்னாருக்கு நான் தாய் என்று இன்னொரு முறை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தபால் ஆபீஸில் சொல்லியனுப்பினார்கள். நான் இன்றுவரை போகவில்லை.

துக்கம் கேட்க எல்லோரும் வந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த குமாஸ்தாகூட வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றுவிட்டுப் போனார். மதினி மட்டும் வரவில்லை. அண்ணன் தனியாகவே வந்து போய்க்கொண்டிருந்தார். மதினி எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மதினி தன் கையால் முறத்தில் வாங்கிய பிள்ளை. நான் எழுதியதை அவரால் மன்னிக்க முடியவில்லை என்றுதான் நினைத்தேன். வந்து என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. பஸ் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்கிற நேரத்தில் மதினி வந்தார். கையில் பை கிடையாது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். கொல்லையில் துணி துவைக்கும் கல்லில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்து நின்றார்.

"நீதான் எழுதிக் கொன்னுட்டேன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கியாமே. ஒங்கண்ணன் சொன்னாரு."

நான் கல்லின் ஓரத்தைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ பொறந்தன்னைக்கு அந்தத் தவிட்டை அளந்து வாங்கச் சொன்னாங்க, அப்பத்தான் வித்தது செல்லும்னாங்க. பச்சப்பிள்ளை குளுருல நடுங்குச்சு. நான் அளக்காம அப்படியே மடியில கொட்டிக்கிட்டுப் பிள்ளையை ஒங்கிட்டக் குடுத்துட்டேன். நான் செஞ்ச கொறைதான் இப்ப வந்து நிக்கிதுன்னு நெனைச்சு, ஒம் மூஞ்சியில முழிக்கப் பயந்துக்கிட்டு இத்தனை நாளு அங்கிட்டே கெடந்தேன்."

முந்தானையில் மூக்கைச் சிந்தினார். பிறகு என் தோளைத் தொட்டார்.

"நீயும் ஒண்ணும் பண்ணலை, நானும் ஒண்ணும் பண்ணலை. நாம ரெண்டு பேரும் சேந்து வளத்த ஒத்தப் பிள்ளை. நகந்து ஒக்காருத்தா."