மேசை நடுவில் ஒரு வளையம்

பாலக்கரை அற்புதம்மாளைக் கல்யாண வீட்டுக்கு யாரும் பூவுக்குக் கூப்பிட்டதில்லை. சாவு விழுந்தால் மட்டும் முதல் ஆள் அவள் வாசலில்தான் வந்து நிற்கும். வாழைமட்டையை வளைத்து, நாரால் இறுக்கி, பூவை ஈர்க்கில் குத்தி அவள் செய்கிற வளையம் கல்லறை மேல் மூணு நாள் வாடாமல் கிடக்கும். வளையக்காரி என்றே பேர் விழுந்துபோனது.

முப்பத்தேழாம் வருஷம், ஈஸ்டர் கழிந்து, இருதயநாதன் வந்தார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். பெண்டாட்டியைப் பறிகொடுத்து மூணு வருஷம். மகள் அமலராணிக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் பூசை, சாயங்காலம் மேசை நாற்காலி போட்டு டீ பார்ட்டி. ஆபீஸ் துரையும் வருகிறார்.

"மேசை நடுவுல பூ வைக்கணுமாம், அற்புதம். மாலை கட்டுறவங்களைக் கேட்டா, கழுத்தில்லாத எடத்துல எப்படிப் போடுறதுங்கறாங்க."

"நான் வைக்கிறேன். வச்சதை யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவளைப் பெற்றவள் கண்டோன்மென்ட் பங்களாவில் ஆயாவாக இருந்தவள். அங்கே வளர்ந்தபோது பார்த்து வைத்த வேலை இது. மேசைப் பூவுக்கு ஒரே சட்டம், எதிரே உட்கார்ந்தவர் முகத்தை அது மறைக்கக் கூடாது.

கல்யாணத்தன்று விடியலில் ஜட்கா பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். நந்தவனத்து ரெங்கராஜ் கூடையை இழுத்து வைத்துக்கொண்டார்.

"குனிஞ்சு மோந்து பாத்துடாதம்மா. பெருமாளுக்குப் போனது போக மிச்சம்தான் உனக்கு."

"மிச்சத்துலயே நான் ஜெயிச்சுக்கிறேங்க."

சம்பங்கி, ரோஜா, மருக்கொழுந்து. வாழைத்தண்டை முழ நீளத்துக்கு நறுக்கிப் படுக்கவைத்து, அதில் பூவை ஈர்க்கால் குத்தி, நாலு மேசைக்கும் வைத்தாள். தண்டில் ஊறிய தண்ணீரே பூவுக்குப் போதும். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் பெரிய மேசையில் கேக்கைச் சுற்றி வட்டமாக வைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

இருதயநாதனுக்கு அக்கா சவரியம்மாள், புறத்தாக்குடியில் வாக்கப்பட்டவள். பந்தலுக்குள் வந்தவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏண்டி அற்புதம், கல்யாண வீட்டுல வளையமா வைக்கிற?"

"கேக்கைச் சுத்திப் பூ வச்சிருக்கேன்க்கா."

"கல்லறைக்கு வைக்கிற கைக்கு வேற என்ன தெரியும்? எடு."

சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். இருதயநாதன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு இது மேசையை விட்டு இறங்கினால் சாகிறவரை தான் சாவு வீட்டுக்காரிதான் என்பது அற்புதம்மாளுக்குத் தெரியும்.

"உங்க வீட்டுக்காரரு புறத்தாக்குடி மாமாவுக்கு நான் வச்ச வளையத்தைக் கட்டிக்கிட்டு அழுதீங்களே அக்கா, அப்ப இந்தக் கை கசக்கலையா?"

சவரியம்மாள் வளையத்தைக் காட்டி விரலை நீட்டினாள்.

"எடுக்கணும்னா நீங்களே எடுங்க. நான் தொட மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பெரிய மேசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூ விற்கிறவள், ஈரச் சேலையோடு, துரைக்குப் போட்ட நாற்காலியில். வளையத்தை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. கல்லறை வளையமென்று அக்காவே சொல்லியாகிவிட்டது, அதை எவன் தொடுவான்?

"எந்திரிடி, ஆளுங்க வர்றாங்க."

"வரட்டுமே. நானும் டீ குடிச்சிட்டுப் போறேன்."

அதற்குள் பேண்டு வாத்தியம் வாசலுக்கு வந்துவிட்டது. பெண் மாப்பிள்ளை உள்ளே வந்தார்கள். அமலராணி வளையத்தைப் பார்த்தாள், அத்தை முகத்தைப் பார்த்தாள். ஒரு ரோஜாவை ஈர்க்கோடு உருவித் தலையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த துரை பூவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, காலியாக இருந்த வேறு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மிச்சம் ஒரே நாற்காலி, அற்புதம்மாளுக்கு நேர் எதிரே. மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்கள், சவரியம்மாள் நிற்க முடியுமா? உட்கார்ந்தாள்.

பூவும் நடுவில் இருந்த கேக்கும் ஒரு சாண் உயரம்கூட இல்லை. அன்றைக்கு டீ முடிகிறவரை சவரியம்மாளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அற்புதம்மாள் முகம்தான்.

"குடிங்கக்கா, ஆறிடும்."