சீட்டை இன்னும் கொஞ்சம் ஏத்து

ஒரு புருஷனும் பொண்டாட்டியும் கார் ஷோரூமுக்குள் வருகிறார்கள். பிரவுச்சரை யார் கையில் கொடுப்பீர்கள்?

உண்மையைச் சொல்லுங்கள். யோசிக்கவே மாட்டீர்கள், கை தானாகப் புருஷன் பக்கம் நீளும். என் கையும் நீண்டது. சேல்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். தென்காசியில் நான் வேலைக்குச் சேர்ந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் அனுபவக் குறிப்பா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். பல்பு வாங்குவதற்கு சீனியாரிட்டி தேவையில்லை.

1. மீசை

நான் சேர்ந்து மூன்றாம் மாதம். குற்றால சீசன், சனிக்கிழமை காலை. ஷோரூம் வாசலில் ஒரு பழைய ஏழு சீட்டர் எஸ்யூவி வந்து நின்றது. பெயின்ட் வெளுத்து, பின் பம்பரைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு முழு தோட்டத்தின் வாசனை. யார் எந்தப் பக்கக் கதவிலிருந்து இறங்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

உள்ளே வந்தவர் ஆறடி. ரிட்டயர்டு சுபேதார், கீழப்பாவூர். மீசையைப் பார்த்தால் பாலைவனத்தில் டாங்க் ஓட்டியவர் மாதிரி இருந்தார். கூட அவர் மனைவி சண்முகத்தாய். அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். பெங்களூரில் இருக்கும் மகன் வீடியோ காலில் வந்தான். பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு டாப் வேரியன்ட் ஆட்டோமேட்டிக் எடுப்பதாக அவனே முடிவு பண்ணியிருந்தான்.

நான் பி.இ. மெக்கானிக்கல். வாயைக் கேட்கவா வேண்டும். இன்ஜின் இழுக்கிற டார்க், சன்ரூஃப், ஆறு ஏர்பேக், பத்து இன்ச் ஸ்க்ரீன் என்று சுபேதாரிடமும் போனிடமும் இருபது நிமிஷம் சீன் போட்டேன். சுபேதார் எல்லாவற்றுக்கும் "அப்படியா" என்றார். செம இன்ட்ரெஸ்ட் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு நான் செய்த ஒரே உபசாரம், "மேடம், காபி சாப்பிடுதீங்களா?"

"மேடம் கீடம்லாம் வேண்டாம், அத்தைன்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடிக்காமல் வெளியே போய்ப் பழைய வண்டி பக்கத்தில் நின்றுகொண்டார்.

சரி, டெஸ்ட் டிரைவ். ஃபாரத்தை நீட்டினேன். "சார், உங்க லைசென்ஸ் ஒரு காப்பி எடுத்துக்கிடுதேன்."

"எனக்கு ஏதும்மா லைசென்ஸ்?" என்றார் சுபேதார். "நான் பட்டாளத்துல ஸ்டோர் கிளார்க்கு. இருபத்தாறு வருஷமும் பூட்டுச் சாவிதான் கையில, வண்டிச் சாவி கிடையாது. அவட்ட கேளு."

"அத்தையா ஓட்டுதாங்க?"

"பின்ன? நான் லீவுல வந்தாத்தான் வீட்ல மனுஷன். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பின்னால ஏத்திட்டு வெடியுமுன்னே பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு யாரு போவா? பதினாறு வருஷம் அவதான் ஓட்டுதா." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னையோட சரி. அம்பது தாண்டிட்டு, முட்டு வலிக்கி, புது வண்டிக்கு டிரைவர் போட்ருவோம்னு பையன் சொல்லுதான்."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அதான் பயமா இருக்கு."

அந்த வாரம்தான் ஒரு கஸ்டமர் என்னிடம், "இன்ஜின் பத்திக் கேக்கணும், ஜென்ட்ஸ் ஸ்டாஃப் யாரும் இல்லியாம்மா?" என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் கடுப்பில் இருந்தேன். இப்போது நானே அதைச் செய்து முடித்திருக்கிறேன். அதுவும் இருபது நிமிஷம், கண்டினியூவா.

2. பலகை

வெளியே ஓடினேன். அத்தை டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சீட்டில் ஒரு மரப்பலகை, அதன் மேல் பழைய சேலையில் தைத்த தலையணை. உயரம் பத்தாததற்கு அவரே செய்த ஏற்பாடு.

"அத்தை, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க."

"நான் எதுக்கு? புது வண்டிக்கு டிரைவர் வரப்போறாராம். அவரைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லு. சன்ரூஃப் பத்தி உன் சார்ட்ட சொல்லு. நல்லா தலையாட்டுதாரு."

வாங்கிக்கொண்டேன். நியாயமான அடி. "ஓட்டிப் பாத்துட்டு முடியலைன்னு சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன். ஓட்டாமலே மத்தவங்க சொல்லுததை ஏன் கேக்கீங்க?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாயிதான் கூடுதலா இருக்கு உனக்கு" என்றார். ஆனால் பர்ஸைத் திறந்து லைசென்ஸை எடுத்தார். பிளாஸ்டிக் உறையில், போன வாரம் வாங்கியது மாதிரி இருந்தது.

டெமோ வண்டியில் ஏறியதும் அவர் கை பலகையைத் தேடியது. சீட்டுப் பக்கத்தில் இருக்கும் லீவரைக் காட்டினேன். "இதை மேல இழுங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் சீட்டு ஏறும்."

இழுத்தார். சீட் ஏறியது. "இன்னும் ஏறுமா?"

"ஏறும்."

"இன்னும் கொஞ்சம் ஏத்து."

உச்சம் வரை ஏற்றினோம். கண்ணாடிக்கு அப்பால் பானட்டின் மூக்கு வரை தெரிந்தது. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "பதினாறு வருஷம் பலகையில உக்காந்திருக்கேன்ட்டி" என்றார். "இதைச் செஞ்சவன் கொஞ்சம் முன்னாலேயே செஞ்சிருக்கக் கூடாதா?"

3. இலஞ்சியில் திரும்ப வேண்டிய வண்டி

எங்கள் டெஸ்ட் டிரைவ் ரூட் ரொம்பச் சின்னது. இலஞ்சி விலக்கு வரை போய்த் திரும்ப வேண்டும். நான் முன்னால், சுபேதார் பின்னால்.

வாசல் தாண்டுவதற்குள் அத்தையின் இடது கால் கிளட்சைத் தேடி, பிரேக்கைக் கண்டுபிடித்து, ஒரே மிதி. சுபேதாரின் நெற்றி என் சீட்டில் வந்து மோதியது.

"பட்டாளத்துல குண்டு போட்டப்பகூட நான் இப்படி ஆடலை" என்றார்.

"ஸ்டோர்ல யாரு குண்டு போட்டா?" என்றார் அத்தை, கண்ணாடியைப் பார்த்து.

ஆட்டோமேட்டிக்குக்குப் புதிதாக வரும் எல்லாரும் இந்தத் தப்பைச் செய்வார்கள். இடது காலைப் பின்னால் இழுத்து வைக்கச் சொன்னேன். "அதுக்கு வேலையே கிடையாது அத்தை. வலது காலு மட்டும்தான்."

"ரிட்டயர் ஆயிட்டுன்னு சொல்லு. உன் சார் மாதிரி."

இலஞ்சி விலக்கு வந்தது. போனது. "அத்தை, இங்கன திரும்பணும்."

"சமதரையில ஓட்டுனா வண்டியோட குணம் எப்படித் தெரியும்? மேல போவோம்."

ஐந்தருவி ரோடு, சீசன் சனிக்கிழமை. வேன், பஸ், தலையில் எண்ணெயோடு நடக்கிற கூட்டம். ஏற்றத்தில் வண்டி இரண்டடி நகரும், நிற்கும், மறுபடி இரண்டடி. கிளட்ச் வண்டியில் இந்த இடத்தில் முட்டு கழன்றுவிடும். அத்தை இப்படியே அரை கிலோமீட்டர் ஏற்றினார். பிறகு மெதுவாக, "ஏட்டி, வலிக்கலை" என்றார்.

சாரல் பிடித்தது. வைப்பர் தானாக ஆட ஆரம்பித்தது.

"இதை யாரு போட்டா?"

"மழை பட்டா அதுவே போட்டுக்கிடும் அத்தை."

"சொல்லாமலே வேலை செய்யுதா. நல்ல பிள்ளை" என்று பின்னால் பார்த்தார். சுபேதார் ஜன்னல் வழியாக மலையை ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே ஒரு பழக்கடைக்கும் ஒரு வேனுக்கும் நடுவே கொஞ்சம் இடம். வேன் டிரைவர் இறங்கி வந்து, "ஒடிங்க, ஒடிங்க, நல்லா ஒடிங்கக்கா" என்று கையை ஆட்டினார். அத்தை ரிவர்ஸ் கேமராவைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பினார், ஒரே வெட்டு, உள்ளே. வேன் டிரைவர் ஆட்டிய கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அப்போது இரண்டு போன்கள் ஒன்றாக அடித்தன. என்னுடையதில் மேனேஜர்.

"ஏம்மா செல்வி, டெமோ வண்டி எங்க நிக்கி?"

"ஐந்தருவில, அண்ணாச்சி."

"சோப்பு கொண்டு போனியா?"

சுபேதாருடையதில் மகன். ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா, வண்டி எப்படி இருக்கு? யாரு ஓட்டுனா?"

"உங்க அம்மாதான். ஐந்தருவி வரைக்கும்."

"அம்மாவா? டிரைவர் போடலாம்னு பேசினோம்ல அப்பா."

அத்தை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுபேதார் மீசையைத் தடவினார்.

"பேசினோம். தப்பாப் பேசிட்டோம்" என்றார். "லே, நான் வருஷத்துல ஒரு மாசம் லீவுல வருவேன். அந்த ஒரு மாசமும் உங்க அம்மா ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து கதை பேசிட்டே போவேன். இப்பதான் வருஷம் பூரா லீவு கிடைச்சிருக்கு. முன்னால இன்னொருத்தனை உக்கார வச்சிட்டு, நான் பின்னால உக்காந்து அவன் பிடரியைப் பாத்துட்டு வரணுமா?"

"அம்மாவுக்கு முட்டு வலி, அப்பா."

"அதுக்குத்தான் நீ ஆட்டோமேட்டிக் சொல்லியிருக்கல்லா. நல்லதைத்தான் செஞ்சிருக்க. போனை வையி."

அத்தை அப்போதும் திரும்பவில்லை. "இறங்கி முன்னால வாங்க" என்றார். "ஏட்டி, நீ பின்னால போ."

போனேன். திரும்பி வரும் வழி முழுக்க இரண்டு பேரும் யாரோ ஒரு சித்தப்பாவின் கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். சன்ரூஃபைத் திறந்து காட்ட ஆசையாக இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஷோரூமுக்குள் நுழைந்ததும் அத்தை மேனேஜரிடம், "புக்கிங் ஃபாரம் எங்க? என் பேர்ல போடுங்க" என்றார். திட்டுவதற்காக எழுந்து நின்ற மேனேஜர், அப்படியே பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

டெலிவரி அன்று எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வண்டி கிளம்பும்போது, பழைய வண்டியின் தலையணை சுபேதாரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். கஸ்டமர் உள்ளே வந்ததும் பேர், ஊர், பட்ஜெட் எல்லாம் அப்புறம். முதலில், எல்லார் முகத்தையும் பார்த்து, "யாரு ஓட்டப்போறீங்க?" பதில் வந்த பக்கம் பிரவுச்சரை நீட்டுங்கள். அதற்குப் பிறகு உங்கள் டார்க்கையும் ஸ்க்ரீனையும் அவிழ்த்துவிடுங்கள்.

இப்போது அத்தையின் வண்டி சர்வீஸுக்கு வந்து பின்னால் நிற்கிறது. மெக்கானிக் அண்ணன் ஏறும்போது தலையை இடித்துக்கொண்டார். சீட் உச்சத்தில் இருக்கிறது.