காப்புக் கட்டிய வருடம்

ஜெர்மனியிலே கையகல நாடு ஒன்றுக்குச் சின்னப்பிள்ளை ஒருவன் அரசனாக இருந்தானாம், அவன் வளரும்வரை சித்தப்பன் ஆண்டானாம் என்று மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னதும் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அச்சுவேலிப் பக்கத்தில் எங்கள் குடும்பக் கோயிலுக்கு அப்போது நான்தான் எசமான்.

அப்பு செத்தபோது எனக்கு ஆறு வயது. கோயில் உரிமை மகன் என்று எனக்கு வந்தது. கோயில் பூட்டுகளின் திறப்புக் கோர்வை அப்புவின் தம்பியான குஞ்சியப்புவின் இடுப்புக்குப் போனது. பூசை முடிந்ததும் முதல் மரியாதையாகக் காளாஞ்சித் தட்டை ஐயர் என்னிடம்தான் நீட்டுவார். தேங்காயும் வாழைப்பழமும் பாரம். நான் தள்ளாட, குஞ்சியப்பு பின்னாலிருந்து தாங்கிக்கொள்வார். பிறகு தட்டு அவர் வீட்டுக்குப் போய்விடும். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொடியேறும் நாளில் எசமானின் கையில் காப்புக் கட்டுவார்கள். கட்டினால் கொடி இறங்கும்வரை கோயிலை விட்டு அகலக்கூடாது. யார் செத்தாலும் அவனுக்குத் துடக்கில்லை, தீட்டு ஒட்டாது. சாவீட்டுக்கும் போக முடியாது. எனக்குப் பதிலாகக் குஞ்சியப்புதான் கட்டிவந்தார். எனக்கு ஒன்பது வயதான வருடம் அம்மா நெருப்புக்காய்ச்சலில் படுத்திருந்தா.

"மச்சாள், உங்களுக்கும் சுகமில்லை. இந்த முறையும் நானே கட்டுறன். பொடியன் சின்னன்," என்றார் குஞ்சியப்பு, வாசலில் நின்று.

அம்மா பாயில் கிடந்தபடியே சொன்னா: "என்ரை பிள்ளையின்ரை காப்பு என்ரை பிள்ளையின்ரை கையிலைதான். உங்கடை ராச்சியம் நடந்தது காணும்."

என் கையில் காப்புக் கட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேருக்கு முதல்நாள் அம்மா செத்துப்போனா. பிணம் ஊரில் கிடக்கத் தேர் ஓடாது என்று பின்னேரமே எடுத்துவிட்டார்கள். பறைச்சத்தம் கோயில்வரை கேட்டது. அம்மாவிடம் போகவேண்டும் என்று கத்தினேன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் வைக்கவேண்டிய கொள்ளியைக் குஞ்சியப்பு வைத்தார்.

மறுநாள் துடக்குக்காரராக அவர் வீதிக்கு அப்பால் நின்றார். திறப்புக் கோர்வையை யாரோ என் இடுப்பில் செருகிவிட்டார்கள். தேர் வீதி சுற்றி இருப்புக்கு வந்ததும் ஐயர் முதல் தட்டை நீட்டினார். பின்னால் தாங்க ஆளில்லை, ஒருவாறு பிடித்துக்கொண்டேன்.

"எசமான், தட்டை எங்கை அனுப்ப?" என்று கேட்டார்.

"எங்கடை வீட்டை," என்றேன். பிறகு அவரையே கேட்டேன்: "அங்கை ஆரிட்டைக் குடுக்கிறது?"