முனிவேலின் இரண்டு ஜிம்

முனிவேல் பாகலூர்க்காரன். வயது முப்பத்திரண்டு. வீட்டில் கோஸும் ரோஜாவும் போடுகிறார்கள். அவன் மட்டும் ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒன்பது வருஷமாக எனக்குப் பக்கத்து மேசை. ஒரு ஷாஃப்டைக் கையில் கொடுத்தால் நாலு இடத்தில் அளந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரமாக வைப்பான். வேலையில் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. அதே கண்ணோடு கண்ணாடி முன்னாலும் போய் நின்றதுதான் வினை.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'ஓணான்' என்று பேர். அவ்வளவு ஒல்லி. வேலைக்கு வந்து மூன்று வருஷம் கழித்து, பாகலூர் ரோட்டில் கமலக்கண்ணன் மாஸ்டர் நடத்தும் ஜிம்மில் சேர்ந்தான். ஆறு மாசத்தில் நல்லா தேறிவிட்டான். அடுத்த வருஷம் அவன் நுழைந்தால் கேன்டீன் வாசலில் வெளிச்சம் குறைந்தது. நாங்கள் பார்த்தோம், ஊரே பார்த்தது. அவன் மட்டும் பார்க்கவில்லை. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, அதற்குள் இரண்டு பனியன். கேட்டால், "மெலிஞ்சு தெரியுதுப்பா" என்பான்.

ஒருநாள் மத்தியானம் ஸ்டோர் ரூமுக்குப் போனேன். சட்டையைக் கழற்றிவிட்டு டேப்பால் கையை அளந்துகொண்டிருந்தான்.

"வலது கை முந்நூத்தி எண்பத்திரண்டு மில்லி. இடது முந்நூத்தி எழுபத்தெட்டு. நாலு மில்லி வித்தியாசம் அடிக்குதுப்பா."

"யாருப்பா அதை அளக்கப் போறாங்க?"

"நான் இருக்கேன்ல" என்றான்.

கம்பெனியில் வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப் நடக்கும். போன வருஷம் பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் அம்மாவால் அவன் கையில் பட்டையைச் சுற்ற முடியவில்லை. பெரிய பட்டை தேடிப் போனார். டாக்டர், "எத்தனை வருஷமா ஜிம்?" என்று கேட்டார். இவன் தலையைக் குனிந்துகொண்டு, "இப்பதான் சார் ஆரம்பிச்சிருக்கேன்" என்றான். அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வெளியே வந்ததும் என்னிடம், "அந்தப் பட்டை ரொம்பச் சின்னதுப்பா. பழைய சாமானையே வச்சு ஓட்டுறாங்க" என்றான். இல்லை என்று சொன்னால் டேப்பை எடுத்துவிடுவான்.

இந்த வருஷ ஆரம்பத்தில் வலது தோளில் வலி வந்தது. பத்து நாள் மறைத்தான். பதினோராம் நாள் கமலக்கண்ணன் கண்டுபிடித்துவிட்டார். "அண்ணா, இனிமே காலையில ஒருவேளைதான். தோளுக்கு வெயிட்டே வேணாம். மீறினா கதவைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். முனிவேல் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரகாஷ் என்பவர் நடத்தும் இன்னொரு ஜிம்மில் போய்ச் சேர்ந்தான். கமலக்கண்ணன் வேண்டாம் என்றதையெல்லாம் அங்கே செய்தான்.

வீட்டில் அவன் மனைவி ரூபாவுக்குச் சொன்ன காரணம் டிராஃபிக். ஓசூரில் அந்தப் பொய்க்குச் சாட்சியே வேண்டாம், யாரும் நம்புவார்கள். ரூபாவும் நம்பினாள். ஒருநாள் மட்டும், "பைக்ல காத்தாட வர்ற ஆளுக்கு எப்படிங்க இவ்வளவு வேர்க்குது?" என்று கேட்டாளாம். "ஹெல்மெட்" என்றானாம் இவன்.

மூன்று மாசம் இப்படியே ஓடியது. அப்புறம் மகளுக்குக் காதுகுத்து வந்தது. பாகலூரில் கோயிலை ஒட்டிய சின்ன மண்டபம். கமலக்கண்ணனுக்குப் பத்திரிகை வைத்திருந்தான். அவர் வரும்போது பைக்கின் பின்னால் ஒரு சிநேகிதரையும் உட்காரவைத்துக்கொண்டு வந்தார்.

பந்தியில் நானும் அவர்களோடுதான் இருந்தேன். முனிவேல் பாயசம் ஊற்றிக்கொண்டே வந்தவன், அந்தச் சிநேகிதரைப் பார்த்ததும் வாளியோடு நின்றுவிட்டான்.

"அண்ணா, இவன் பிரகாஷ். நம்ம பழைய ஸ்டூடன்ட். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜிம் வச்சிருக்கான்" என்றார் கமலக்கண்ணன்.

"எங்களுக்கு என்ன மாஸ்டர் அறிமுகம்? அண்ணன் டெய்லி சாயங்காலம் நம்மகிட்டதான் வர்றாரு" என்றார் பிரகாஷ். "காலையில எழுந்திரிக்க முடியலைன்னு சொன்னாரு."

"எழுந்திரிக்க முடியலையா? அஞ்சரைக்கு போன் பண்ணி என்னை எழுப்புறதே இவருதான்டா."

பின்னாலேயே அப்பளக் கூடையோடு ரூபா நின்றிருந்தாள். இலையில் இரண்டு அப்பளம் வைத்துவிட்டு, "அப்ப டிராஃபிக் பஸ் ஸ்டாண்டுகிட்டதான் நிக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. முனிவேல் ஏற்கெனவே ஊற்றிய என் இலையிலேயே மறுபடியும் பாயசம் ஊற்றினான்.

சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு ரூபா அவனைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் பிறகு என்னிடம் சொன்னதுதான் இது.

"ரெண்டு வேளையும் போகலைன்னா என்ன ஆயிடும்?"

"கரைஞ்சிடுவேன்னு தோணுது."

சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தாளாம். அவன் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்குக் கண்ணாடியில யாருங்க தெரியுறாங்க?"

"ஒரு ஒல்லிப் பையன். கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லாம நிக்கிறான்."

"சரி. காலையில பாப்பாவைத் தூக்கி என் அண்ணன் மடியில வைக்கச் சொன்னாங்க. பத்து கிலோ இருப்பாளா? பாதியிலயே என் கையில குடுத்துட்டீங்களே, அது யாரு?"

தோள் அன்றைக்கு அவ்வளவு வலித்திருக்கிறது. யாருக்கும் தெரியக்கூடாதென்று சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறான்.

மறுநாள் ரூபாவே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். தோளில் தசைநார் கிழிந்திருந்தது. ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது. அந்த டாக்டர் விவரமாகக் கேட்டுவிட்டு, மனநல டாக்டர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார். அவரோ, இது நிறையப் பேருக்கு வருவதுதான், இதற்குத் தனியாக ஒரு பேரே இருக்கிறது என்றாராம். பேர் இருக்கிறது என்றதும் முனிவேலுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை. எனக்கு இரண்டு தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னான்.

இரண்டு மாஸ்டர்களும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஆறு வாரத்துக்கு இரண்டு கதவும் மூடல். முதல் வாரம் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. பைக்கை ஒரே நாளில் மூன்று தடவை கழுவினான். மேல்மாடிக்காரர்களுக்குத் தண்ணி கேன் வந்தால், நல்ல கையால் தூக்கிக்கொண்டு படியேறினான். மூன்றாவது கேனோடு ரூபா பிடித்தாள். "உதவிதானே" என்றான். "அதுக்கு ஏன் ஒவ்வொரு படியிலயும் எண்ணுறீங்க?" என்றாள்.

இப்போது வாரத்துக்கு நாலு நாள், ஒரே ஜிம், ஒருவேளை. மாசம் ஒருதரம் டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறான். பனியன் இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது. கண்ணாடியில் அந்த ஒல்லிப் பையன் சில நாள் இன்னும் வந்து நிற்கிறானாம். "வந்தா வரட்டும், பல்லைத் தேய்ச்சிட்டுக் கிளம்பிடறேன்" என்கிறான்.

போன மாசம் கம்பெனியில் விளையாட்டு விழா. கயிறு இழுக்கும் போட்டியில் அவனை நம்பிக் கடைசி ஆளாக நிறுத்தினோம். முதல் சுற்றிலேயே பேக்கிங் செக்‌ஷன்காரர்கள் எங்களை மொத்தமாக இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவனிடம், "தோள் வலிக்குதாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா, பசிக்குது" என்றான். பந்தலுக்குப் போய் இரண்டு தட்டு சித்ரான்னம் சாப்பிட்டான்.