மூன்று தோல்வியும் செவ்வாய்க்கிழமைகளும்

சீசன் தொடங்கி எங்கள் அணி மூன்று ஆட்டம் ஆடி முடித்திருந்தது. மூன்றிலும் தோல்வி. மூன்றாவது ஆட்டம் நடந்த சனிக்கிழமை மாலை, துபாய் கராமாவில் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ரசிகர்கள் மூன்று பேரும் காரணம் தேடிக்கொண்டிருந்தோம்.

அது பெண்களின் வலைப்பந்து அணி. துபாயில் வேலை செய்யும் இலங்கைப் பெண்கள் சேர்ந்து தொடங்கியது. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஆடியவர்கள். அதன் பிறகு வேலை, கல்யாணம், பிள்ளை என்று பத்துப் பன்னிரண்டு வருடம் பந்தையே தொடாதவர்கள். என் மனைவி யாழ்ப்பாணத்தில் தன் பள்ளிக்காக ஆடியவள். இங்கே ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அணிக்கு அவள்தான் கப்டன். கோல் போடுவதும் அவள்தான்.

ரசிகர்களில் நான் ஒருவன். இரண்டாமவன் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். அவன் மனைவி நடுவில் நின்று பந்தைக் கடத்துபவள். மூன்றாமவர் இராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரர். எங்கள் தெருவில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் வழக்கப்படி நாங்கள் அவரை நானா என்போம். அவருடைய குடும்பம் ஊரில். அணியில் அவருக்கு யாரும் இல்லை. ஒருநாள் எங்களோடு சும்மா வந்தவர், பிறகு ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை.

"சென்டர்ல இருந்து பந்து போறதே லேட்டு அண்ணே," என்றான் பஸ்காரன். தன் மனைவியைத்தான் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை.

"பந்து போனாலும் வளையத்துக்குள்ள விழவேணுமே," என்றேன் நான். எனக்கும் அந்த நினைப்பு இல்லை.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல தம்பி," என்றார் நானா. "கையில பந்து இருக்கு, முன்னால இடமும் இருக்கு. ஏன் ஒருத்தரும் ஓட மாட்டேங்கிறாஹ?"

வலைப்பந்தில் பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, பிடித்த இடத்தில் நின்று மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும் என்று அவருக்கு நான் ஐந்தாவது முறையாக விளக்கினேன். பிறகு கறிக் கிண்ணங்களை நகர்த்தி, யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று காட்டத் தொடங்கினேன்.

பக்கத்து மேசையில் அணி உட்கார்ந்திருந்தது. அவர்கள் பேச்சு நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. என் மனைவி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, நல்லா விளங்கப்படுத்துறியள். போன செவ்வாய்க்கிழமை பிராக்டிசுக்கு எத்தினை பேர் வந்தவை எண்டு தெரியுமோ?"

தெரியவில்லை.

"மூண்டு பேர். அதுக்கு முதல் கிழமை நாலு பேர். அந்தக் கிழமை நானே போகேல்லை. ஏன் போகேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அந்தச் செவ்வாய் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து மகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வரவில்லை. ஆபீஸில் அவசர வேலை என்று தகவல் அனுப்பினேன். உண்மையில் நானாவின் கடையில் உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். நானா இப்போது தன் தேநீர்க் கோப்பையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்காரனின் மனைவி அவனைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க அஞ்சு மணிக்கே படுத்துர்றீங்க. ரெண்டு புள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டு நான் போறது?"

"காலைல நாலு மணிக்கு எந்திரிக்கிறேன்ல..." என்று தொடங்கியவன், மேசையில் இருந்த மற்றப் பெண்களின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமலே விட்டான்.

அந்த வாக்கியத்தை நானும் எத்தனையோ முறை வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். கிண்ணங்களை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

வீட்டுக்கு நடந்து போகும்போது மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். "அண்டைக்கு ஆபீஸ் வேலை ஒண்டும் இல்லை. நானாவின்ர கடையிலதான் இருந்தனான்."

"தெரியும். கடைக்கு முன்னால உங்கட செருப்பைக் கண்டனான்," என்றாள். சொல்லிவிட்டுத் தன் நடையைத் தொடர்ந்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமையே மனேஜரிடம் போய், செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஒரு மணி நேரம் முந்தி வந்து முந்திப் போக அனுமதி கேட்டேன். எதற்கு என்று கேட்டார். மனைவிக்கு வலைப்பந்துப் பயிற்சி என்றேன். சிரித்தார், ஆனால் விட்டார். பஸ்காரன் செவ்வாயன்று மத்தியானமே ஒரு தூக்கம் போட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தான். அணியில் இருந்த எல்லோருடைய பிள்ளைகளும் செவ்வாய் மாலை எங்கள் பிளாட்டுக்கு வருவது என்று முடிவானது.

முதல் செவ்வாய் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை பிளாட். ஒன்று அழுதது, இரண்டு அடித்துக்கொண்டன, ஒன்று அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்து இறங்க மறுத்தது. பஸ்காரன் சோறு வடித்தான், நான் பருப்பை அடிப்பிடிக்க விட்டேன். நானா கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டுப் பொரித்த மீனோடு வந்து, முள் எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊட்டினார். தன் சொந்தப் பிள்ளைகளுக்கு இப்படி ஊட்டியது ஊருக்குப் போன இரண்டு லீவில்தான் என்று சொன்னார். நாங்கள் இருவரும் தட்டுகளைக் கழுவினோம்.

அன்று பயிற்சிக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

அப்படியும் நான்காவது ஆட்டத்தில் தோற்றோம். எதிரணியில் எல்லோரும் உயரமான பெண்கள். எங்கள் பெண்கள் கடைசிக் கால்பகுதி வரை சமமாக நின்று, முடிவில் நான்கு கோல் வித்தியாசத்தில் விட்டுக்கொடுத்தார்கள்.

"இந்த வருஷம் அவ்ளோதான் போல," என்றார் நானா, வெளியே நடக்கும்போது.

என் மனைவிக்கு அது கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே, "செவ்வாய்க்கிழமை பிராக்டிஸ் இருக்கு நானா. நீங்கள் மீன் கொண்டு வாங்கோ," என்றாள். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். அந்தச் செவ்வாய் அவர்கள் பயிற்சிக்குப் போனார்கள், பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள். அடுத்த செவ்வாயும், அதற்கு அடுத்த செவ்வாயும். பருப்பு எனக்குக் கைவந்துவிட்டது.

ஐந்தாவது ஆட்டத்தன்று பஸ்காரனின் சின்னவளுக்குக் காய்ச்சல். பெரிய காய்ச்சல் இல்லை, ஆனால் வெயிலில் கொண்டுபோக முடியாது. அவன் மனைவி ஆட்டத்துக்குப் போகமாட்டேன் என்றாள், அவனும் தயங்கினான்.

"நான் வீட்டில இருக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ," என்றேன். சின்னவள் என்னோடு பழகிவிட்டிருந்தாள். என் தோளில் படுத்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியதும் நானா போன் பண்ணினார். வீடியோ அவருக்குச் சரிவராது, அதனால் வாயால் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்; என் மகளும் வேறு இரண்டு பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பந்து நம்ம கையில தம்பி. எறிஞ்சிட்டாஹ. புடிச்சிட்டாஹ. இப்ப நிக்கிறாஹ... ஏன் நிக்கிறாஹ? ஆமா, ஓடக்கூடாது. ரெஃப்ரி ஊதிட்டான், எதுக்குன்னு தெரியல. அந்தப் பொண்ணுங்க ரொம்பக் கிட்ட வந்துட்டாஹ போல."

"நானா, ஸ்கோர் என்ன?"

"இருங்க, யாரையாவது கேட்டுச் சொல்றேன்."

இப்படியே முக்கால் மணி நேரம். கடைசி நிமிடத்தில் சமம் என்றார். பிறகு அவர் குரல் நின்றது. பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. என் மகள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "Amma has the ball? Uncle, is it Amma?" என்று கத்தினாள்.

"உங்க உம்மாதான் புள்ள! கைய மேல தூக்கிட்டாஹ... சுத்துது... வளையத்து மேல சுத்துது..." அதோடு எங்கள் எல்லோர் காதும் அடைக்கும்படி ஒரு கூச்சல். "உள்ள! உள்ள போயிருச்சு! அல்ஹம்துலில்லாஹ்!"

பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். சின்னவள் விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். நான் அழுதேன் என்று சொல்லமாட்டேன். கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

ஒரு கோலில் வென்றிருந்தார்கள். என் மனைவி வந்து கதவைத் திறந்ததும் முதலில் சின்னவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் உரிந்திருந்த இடத்தை எனக்குக் காட்டினாள்.

"வலிக்குதே?" என்றேன்.

"வலிக்குது. அடுத்த மட்ச் போன வருஷம் கப் வெண்டவையோட," என்றாள். முகத்தில் பயம் இல்லை.

அந்த ஆட்டத்தில் தோற்றோம். அதற்குப் பிறகு இரண்டில் வென்றோம். ஒன்பது அணியில் ஐந்தாவதாக வந்தோம். கோப்பை எதுவும் இல்லை. அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்கும்போது புதிதாக நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் இருவருக்குக் கைக்குழந்தை. பஸ்காரன் இப்போது இரண்டு தொட்டில் தேடிக்கொண்டிருக்கிறான்.