மொட்டை மாடியில் இரண்டாவது தொட்டி

நான் வேலை பார்க்கும் ஓட்டல் வேங்கிக்கால் பக்கம் இருக்கிறது. நாற்பத்திரண்டு அறைகள், மூன்று மாடி. அறைகளைச் சுத்தம் செய்யும் ஆறு பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். தினமும் காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறேன். பதினோரு வருடமாக இதே ஓட்டல்தான். எந்த அறையில் எந்தக் குழாய் சொட்டும், எந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

முதலாளியின் மகள் பெங்களூரில் பெரிய ஓட்டல்களில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டபோது எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள் பயம். வந்த முதல் வாரமே மேடம் ஆளுக்கொரு போன் கொடுத்தார். அதில் ஒரு ஆப். ஒரு அறையைச் சுத்தம் செய்து முடித்ததும் அதில் தட்ட வேண்டும். கீழே ரிசப்ஷனில் இருப்பவர் அதைப் பார்த்துச் சாவி கொடுப்பார். அதுவரை நான் ஒரு நோட்டில் டிக் அடித்து, மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்துவதுதான் வழக்கம்.

முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன். 304-ஐத் தட்டுவதாக நினைத்து 204-ஐத் தட்டிவிட்டேன். எல்லாம் ஆங்கிலம், எழுத்தும் பொடி. ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு போய்க் கதவைத் திறந்தால், முந்தின நாள் தங்கியவர்கள் போட்டுவிட்டுப் போன ஈரத்துண்டும் சாப்பிட்ட பொட்டலமும் அப்படியே கிடக்கின்றன. அந்த அம்மா என்னை முறைத்துப் பார்த்தார். சாயந்திரம் மேடத்தின் அறைக்குப் போய்ப் போனை மேஜை மேல் வைத்தேன்.

"மேடம், எனக்கு இது ஒத்துவராது. நோட்டே குடுத்துடுங்க."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். போனை எடுத்துப் பார்த்தார்.

"இது உங்க தப்பு இல்லக்கா. இங்கிலீஷ்ல போட்டது என் தப்பு. இன்னா வார்த்தை போடணும்னு நீங்களே சொல்லுங்க."

நாங்கள் ஏழு பேரும் உட்கார்ந்து பேசினோம். 'அழுக்கு', 'சுத்தம்', 'ஆள் இருக்காங்க', 'ரிப்பேர்' என்று நான்கே வார்த்தைகள், நான்கு நிறங்கள். பெரிய எழுத்தில் மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அறை மாறவில்லை. நோட்டைக் கேட்டவள் நான்தான் என்பதை மற்ற பெண்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அடுத்து அவர் கை வைத்தது பிளாஸ்டிக் பாட்டில் மேல். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டம் போன மறுநாள் காலையில் கோணி கோணியாகக் காலி பாட்டில் சுமந்து இறக்கியவர்கள் நாங்கள், அதனால் சந்தோஷமாகத் தலையாட்டினோம். பின்கட்டில், உப்பை எடுத்துக் குடிதண்ணீர் கொடுக்கும் ஒரு பெரிய ஆர்.ஓ. மெஷின் வந்தது. கண்ணாடி பாட்டில்களைக் கழுவி, அதில் தண்ணீர் பிடித்து அறைக்கு அறை வைத்தோம். அதே மாதம் மொட்டை மாடித் தொட்டியில் ஒரு கருவி பொருத்தினார்கள். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எங்கள் போனில் நீலக் கோடாகத் தெரியும்.

அந்தக் கோட்டை மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். நான் விடவில்லை. பஸ்ஸில் வரும்போதுகூடப் பார்ப்பேன். மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி அறைகள் காலி. ஆனால் கோடு மட்டும் சரசரவென்று இறங்கியது. எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்து மூன்று மாடியும் ஏறி ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தன. பின்கட்டுக்கு வந்தபோதுதான் சத்தம் கேட்டது. மெஷினிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் நேராகக் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

நல்ல தண்ணீர் வரும் குழாயடியில் ஒரு பக்கெட், கால்வாய்க்குப் போகும் குழாயடியில் ஒரு பக்கெட் வைத்தேன். நல்ல தண்ணீர் ஒரு பக்கெட் நிறைவதற்குள் இன்னொரு பக்கம் இரண்டு பக்கெட் நிறைந்து வழிந்தது. கோடையில் நாங்கள் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடப்பவர்கள். மேடத்தைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பக்கெட்டையே பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"பாட்டிலை நிறுத்துறேன்னு நான்தானேக்கா இதைக் கொண்டாந்தேன்."

"மெஷின் இருக்கட்டும் மேடம். அந்தத் தண்ணிய விடக்கூடாது, அவ்ளோதான்."

மெஷின் பொருத்தியவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "எல்லா எடத்துலயும் இப்டித்தான் போவுது. உப்பு ஜாஸ்தியான தண்ணிங்க, ஒண்ணுத்துக்கும் ஆவாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்றுக்கும் ஆகாது என்று அவர் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நானே செய்து பார்த்தேன். தரை துடைத்தேன், டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. துண்டு துவைத்தேன், நுரையே வரவில்லை. கடைசியில் எங்கள் வேலையாட்கள் பாத்ரூமில் கக்கூஸுக்கு மட்டும் அந்தத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். பத்து நாள் பார்த்தேன். எப்போதும்போல பிரஷ் போட்டால் போதும், ஒரு கறையும் இல்லை.

அறைகளின் கக்கூஸுக்கும் அதையே விடலாம் என்றேன், முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இன்னாம்மா இது. சாமி கும்பிட வர்றவங்க தங்குற எடம். கழிவுத் தண்ணிய ரூமுக்கு வுடுறதா?" என்றார்.

"கழிவு இல்லீங்க ஐயா. நம்ம போர்த் தண்ணிதான். யாரும் தொட்டது கிடையாது, உப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. நல்ல தண்ணியத்தான் நாம இப்போ கக்கூஸ்ல ஊத்திக்கினு இருக்கோம்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தார். "செவுத்தை ஒடைக்கணுமே," என்றார் முதலாளி, கொஞ்சம் இறங்கி வந்து.

அது வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஃபிளஷ் டேங்குகளுக்குத் தனிக் குழாய் இறங்குகிறது. டேங்க் ஒழுகும்போதெல்லாம் மொட்டை மாடி ஏறி அந்த வால்வை மூடுவது நான்தான். அந்தக் குழாயை மட்டும் கழற்றி இன்னொரு தொட்டியில் சேர்த்தால் போதும். பிளம்பர் வந்து மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "அக்கா சொல்றது கரெக்டுங்க," என்றார். ஒரே வாரத்தில் இரண்டாவது தொட்டி ஏறியது, மெஷினின் உப்புத் தண்ணீரை அதற்கு ஏற்ற ஒரு சின்ன மோட்டாரும் வந்தது. துணி துவைக்கும் மெஷினில் கடைசியாக அலசும் தண்ணீரையும் அதிலேயே சேர்க்கலாம் என்று மேடம் யோசனை சொன்னார். பழைய தொட்டிக்கு நீலக் கோடு, புதிய தொட்டிக்குப் பச்சைக் கோடு.

சித்ரா பௌர்ணமி வந்தது. அத்தனை அறையும் நிறைந்துவிட்டது. அன்றைக்கு மதியத்துக்கு மேல் லாரிகளை ஊருக்குள் விடமாட்டார்கள், கிரிவலக் கூட்டம் சாலையெல்லாம் நிறைந்திருக்கும். அதனால் தண்ணீர் லாரி காலையிலேயே வந்தாக வேண்டும். பதினோரு மணிக்கு லாரி டிரைவர் போன் செய்தார்.

"கெணத்துல தண்ணி எறங்கிப்போச்சுக்கா. மோட்டார் காத்த இழுக்குது. இன்னிக்கு வராது."

எங்கள் போர்வெல்லும் அந்த மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. நீலக் கோடு பாதியில் நின்றது. பச்சைக் கோடு மேலே விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேடம் என்னிடம் வந்து, "எப்டிக்கா?" என்றார். ஆறு பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். பச்சைக் கோட்டைப் பார்த்ததும் தைரியம் வந்தது.

துணி மெஷினை நிறுத்தச் சொன்னேன். தங்கியிருப்பவர்களிடம் ஷவரை விட்டுவிட்டுப் பக்கெட்டில் குளிக்கச் சொல்வது என்று முடிவு செய்து, மாடிக்கு இரண்டு பேராகக் கதவு கதவாகத் தட்டினோம். இரண்டாவது மாடியில் ஆந்திராவிலிருந்து ஒரு பெரிய குழு. அதில் கண்ணாடி போட்ட ஒருவர் முறைத்தார். "ரூம் குடுத்தாச்சு, தண்ணி இல்ல, எப்படிம்மா?" என்று உடைந்த தமிழில் கேட்டார்.

நான் போனைக் காட்டினேன். "இது குளிக்கிற தண்ணிங்க. இது கக்கூஸுக்கு. ரெண்டாவதுக்குக் கவலை இல்ல, ரொம்பி இருக்கு. மொதல்ல இருக்கறதைக் கொஞ்சம் பாத்துச் செலவு பண்ணா எல்லாருக்கும் வரும். நாளைக்கிக் காலைல நீங்க நடந்துட்டு வந்து குளிக்கறதுக்கும் இருக்கும்."

போனை வாங்கிப் பார்த்தார். இந்த இரண்டாவது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அவரே தன் குழுவின் அறைகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தெலுங்கில் விளக்க ஆரம்பித்தார். எங்களுக்கு அந்த மாடியில் வேலையே இல்லாமல் போய்விட்டது.

அன்று நான் ஊருக்குப் போகவில்லை. விடிந்ததும், மலையைச் சுற்றிவிட்டுக் கால் வீங்கி வந்தவர்கள் குளித்தார்கள். நாங்கள் ரிசப்ஷனில் நின்று நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு மணிக்கு இறங்கியது, எட்டுக்கு இன்னும் இறங்கியது, ஒன்பதுக்கு மேல் மெல்ல நின்றது. கடைசிக் குழு பெட்டியைத் தூக்கியபோதும் தொட்டியில் தண்ணீர் இருந்தது. ஒரு அறையில்கூடக் குழாய் வறளவில்லை. எங்கள் பெண்களில் ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன், வெட்கப்படவில்லை.

பக்கத்து லாட்ஜில் நடுராத்திரிக்கே தண்ணீர் தீர்ந்து போயிருந்தது. அங்கே தங்கியவர்கள் முகம் கழுவவும் குடிக்கவும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாமே நின்று கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் கொடுத்தார். என்னைப் பார்த்ததும், "ரூம்ல ஒருத்தரும் கழிவுத் தண்ணின்னு குறை சொல்லலம்மா," என்றார். "நல்லா யோசிச்சே."

அந்தச் செய்தி எப்படியோ பரவிவிட்டது. ஆனி மாதத்தில் ஊரிலுள்ள ஓட்டல்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மேடம்தான் பேசுவார் என்று நான் டீக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். எல்லோரும் உட்கார்ந்ததும் ஒருவர், "இதை யாருங்க டிசைன் பண்ணது? மெட்ராஸ் கம்பெனியா?" என்று கேட்டார்.

"இதோ, இவங்க," என்று மேடம் என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்.

பத்தாவது வரை படித்தவள் நான். அத்தனை வெள்ளை வேட்டிகள் முன்னால் பேசியதில்லை. பக்கெட்டிலிருந்து ஆரம்பித்தேன். டைல்ஸில் திட்டு விழுந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர்கள் குறுக்கே குறுக்கே கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. வயதான ஒருவர் பாக்கெட்டிலிருந்து காகிதம் எடுத்துக் குறித்துக்கொண்டார். "எங்க லாட்ஜுக்கு ஒரு நாள் வந்து பாத்துச் சொல்லுவீங்களாம்மா?" என்று அவர் கேட்டபோது, மேடம் என்னை முந்திக்கொண்டு தலையாட்டினார்.

பிறகு தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். வெயில் சுள்ளென்று அடித்தது, எதிரே மலை. தொட்டி மேடைக்கு இரும்பு ஏணி ஒன்றுதான். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் அடியில் கூடிவிட்டார்கள்.

"ஒவ்வொருத்தரா ஏறுங்க சார்," என்றேன். "ஏணி சின்னது."

அவர்கள் வரிசையில் நின்றார்கள்.