அவள் கேட்ட ஒரு மொடக்கு

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகும் நுவரெலியாவில் வெள்ளைக்காரத் துரைமார் குறையவில்லை. நான் அங்கே ஒரு ஓட்டல் பாரில் வேலைக்கு நின்றேன். சீசனுக்கு வருகிறவர்கள் பெட்டியை இறக்கிய கையோடு கேட்டது நான் கலக்கும் சாராயத்தைத்தான். தென்னஞ்சாராயம், எலுமிச்சை, கித்துல் பனையின் இனிப்புப் பாணி, அதன் மேல் ஆறிய தேயிலைச் சாயம். "என்னமோ ஒரு வாசம் இருக்கே?" என்பார்கள். "கைப்பக்குவம் துரை" என்று இளிப்பேன். எவ்வளவு பெரிய பொய்!

அந்த வாசம் என் பெஞ்சாதி கொடுத்தது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடுமுன், எங்கள் லயத்து வீட்டு அடுப்பில் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை எரித்து, அந்தத் தணலில் இஞ்சியைத் தோல் கருகச் சுடுவாள். அதைத் தட்டிப் போட்டுச் சாயம் இறக்கி, போத்தலில் ஊற்றித் தருவாள். பத்து வருசம் ஒரு நாள் தவறியதில்லை.

ஒரு நாள் கேட்டாள். "ஏங்க, எல்லாரும் குடிக்கிறாங்க. நான் இறக்குன சாயம் அதுல எப்படி இருக்குன்னு ஒரு மொடக்கு குடிச்சுப் பாக்கணுங்க. கொண்டாங்களேன்."

எனக்கு வந்ததே கோபம்! "பொம்பளைக்குச் சாராயம் கேக்குதா? லயத்துல தெரிஞ்சா காறித் துப்புவாங்க" என்று கத்தினேன். வெள்ளைக்காரிகளுக்கு அதே சாராயத்தைக் குனிந்து நீட்டியவன் நான்.

"சரி விடுங்க, சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்தாள். அப்புறம் கேட்கவேயில்லை.

அடுத்த மழைக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள்.

கருமாதிப் படையலில் செத்தவர்கள் ஆசைப்பட்டதை வைப்பது எங்கள் வழக்கம். ஆம்பளைக்கென்றால் சாராயமும் சுருட்டும். பொம்பளைக்குப் பலகாரம், வெத்தலை. நான் அவள் இலையில் ஒரு தம்ளர் கலந்து வைத்தேன்.

அவள் அண்ணன் பாய்ந்து வந்தான். "மச்சான், புத்தி கெட்டுப்போச்சா? என் தங்கச்சி என்ன குடிகாரியா?"

"அவ கேட்டா மச்சான். நான்தான் குடுக்கல" என்றேன். அழுதுவிட்டேன். அவன் தம்ளரை இலையிலேயே விட்டு, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தினான்.

கதவைத் திறந்து படையலைப் பங்கிட்டபோது தம்ளரை நானே எடுத்துக் குடித்தேன். புளிப்பு இருந்தது, இனிப்பு இருந்தது. அந்த வாசம் இல்லை. அவள் அடுப்பைப் பற்றவைக்க மனசு வராமல், ஓட்டல் குசினி அடுப்பில், சுடாத பச்சை இஞ்சியைத் தட்டிப்போட்டு நானே இறக்கிய சாயம் அது.

கண்டவர்களுக்கெல்லாம் அவள் சாயத்தை ஊற்றிக் கொடுத்தேன். அவளுக்கு வைத்த ஒரே தம்ளரில் அது இல்லை.